தோளில் கிடந்த கை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிளக்ஸ் கடையில் ஹெப்சிபாதான் டிசைனர். வல்லரசு தன் அண்ணன் சுந்தரபாண்டியனின் போட்டோவைக் கொண்டுவந்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டான். அண்ணனும் மதினி முனீஸ்வரியும் கல்யாண நாளில் எடுத்துக்கொண்ட படம். மதினியின் கை, கண்ணாடி வளையலோடு அண்ணன் தோளில் கிடந்தது.

"மதினி வேண்டாம். அண்ணன் மட்டும் போதும்."

"தேதி என்னண்ணே?"

"அத மட்டும் காலியா விடுங்க. மதுரை ஆஸ்பத்திரியில இன்னும் மூச்சு ஓடுது. டாக்டர் கைய விரிச்சுட்டாரு."

உயிரோடு கிடப்பவனுக்கு அஞ்சலியா என்று ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். முனீஸ்வரியை வெட்டி எடுத்த பிறகும் அந்தக் கை மட்டும் தோளில் மிஞ்சியது. பக்கத்துச் சட்டைத் துணியைக் போட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்பில் எடுத்தெடுத்து, ஒவ்வொரு விரலாக மூடினாள்.

கடைசி விரல் மறையும்போது வல்லரசின் போன் அடித்தது. முனீஸ்வரியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "தம்பி, அவிய கண்ணு முழிச்சிட்டாவ! என் கையப் பிடிச்சிருக்காவ!"

"சரி மதினி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான்.

ஹெப்சிபா கன்ட்ரோல் இசட்டைத் தட்டத் தட்ட, விரல் விரலாக அந்தக் கை தோளுக்குத் திரும்பியது.

"ஐயோ, அழிச்சிராதீங்க!" வல்லரசு குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். "மூடுனத அப்படியே சேவ் பண்ணி வைங்க. பொறவு எனக்குத்தான திரும்ப அலைச்சல்."