பச்சை எஞ்சினுக்குள் வண்டல்

தென்காசி பஜாருக்குப் பின்சந்தில் நிலோபர் நடத்தும் கடைக்கு மிக்ஸியும் ஃபேனும் தண்ணீர் மோட்டாரும்தான் அதிகம் வரும். கம்பிச் சுருள் எரிந்து வருவதைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படித்தவள். வாப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு கடை அவள் கைக்கு வந்தது. உள் அறையில் தனியாக ஒரு மேசை போட்டிருந்தாள். அது பழைய பொம்மை ரயில் எஞ்சின்களுக்கு. கரண்டில் ஓடும் வெளிநாட்டு எஞ்சின்கள், உள்ளங்கையில் வைத்தால் விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் நீளும். சென்னையிலிருந்தும் பூனாவிலிருந்தும் பெட்டியில் பஞ்சு வைத்து கூரியரில் அனுப்புவார்கள்.

அந்த வேலைக்கு அவளை முதலில் இழுத்துவிட்டவர் ஜெகதீஸ்வரன். குற்றாலத்தில் அவருக்கு ஒரு லாட்ஜ் உண்டு. அவருடைய சித்தப்பா வல்லிநாயகம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கியபோது அண்ணன் பிள்ளைகளுக்கென்று ஒரு ரயில் செட் வாங்கி வந்திருந்தார். அது இப்போது லாட்ஜ் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. சீசனில் அறை கேட்டு வருகிறவர்கள் ஈரத் தலையோடு நின்று அதைப் பார்ப்பார்கள்.

சாரல் தொடங்கினால் தண்டவாளத்தில் ஈரம் பூத்துவிடும், எஞ்சின் நின்று நின்று போகும். அதனால் ஒவ்வொரு வருஷமும் சீசனுக்கு முன்னால் ஜெகதீஸ்வரன் கறுப்பு எஞ்சினைக் கொண்டுவந்து கொடுப்பார். முதல் தடவை பிரித்தபோது உள்ளே பல்சக்கரமெல்லாம் பிசின் பிடித்துக் கிடந்தது. யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். நிலோபர் அதைச் சுரண்டி எடுத்து, கார்பன் பிரஷ் மாற்றி, ஓட வைத்துக் கொடுத்தாள்.

கொண்டுவரும் போதெல்லாம் ஜெகதீஸ்வரன் ஒன்றைச் சொல்லுவார்.

"இதுக்கு ஜோடி ஒண்ணு உண்டும்மா. பச்சைக் கலரு. வேலைக்கு நின்ன பொம்பளை தூக்கிட்டுப் போயிட்டா."

அதில் கோபம் ஒன்றும் இருக்காது. போன வருஷம் மழை குறைவு என்பதைப் போலச் சொல்லுவார்.

இந்த வருஷம் கறுப்பு எஞ்சின் அவள் மேசையில் இருந்தபோதுதான் பாண்டிராஜ் வந்தான். மேலகரத்துக்காரன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வயக்காட்டு மோட்டார்களை அவள் கடைக்கு ஏற்றி வருவதில் பழக்கம். அன்றைக்கு மோட்டார் எதுவும் இல்லை. துண்டில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தான்.

"வீடு மாத்துதோம்லா, அம்மா டிரங்குப் பெட்டியில கெடந்துது. என்னன்னு கேட்டா, கெடக்கட்டும் விடுலேங்கா. இது ஓடுமா, பாருங்க."

துண்டுக்குள் பச்சை எஞ்சின். பெயின்ட் பாதி உதிர்ந்து, சக்கரங்கள் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. நிலோபர் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடித்தகட்டில் ஊசியால் கீறிய மாதிரி 'வ.நா.' என்று இருந்தது. கறுப்பு எஞ்சினின் அடியிலும் அதே கையெழுத்தில் அதே எழுத்துகள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"வச்சிட்டுப் போங்கண்ணே. பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவன் போனபின் ஜெகதீஸ்வரனைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அவர் நம்பர் வரை போய் வைத்துவிட்டாள். முதலில் பிரித்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

ஸ்க்ரூக்கள் அசையவில்லை. எண்ணெய் சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டுத்தான் கழற்ற முடிந்தது. மேல் கூட்டைத் தூக்கியதும் மோட்டார் கண்ணில் படவில்லை. அது இருக்க வேண்டிய இடம் முழுக்க மண். காய்ந்து இறுகிய கறுப்பு வண்டல். பல்சக்கரங்களின் இடுக்கெல்லாம் அடைத்திருந்தது. குச்சியால் பெயர்த்து ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டாள். நுண்மணலும் அதற்குள் சின்ன நத்தை ஓடு ஒன்றும் வந்தது.

திருடிப் பெட்டிக்குள் வைத்த சாமானுக்குள் நத்தை எப்படி வரும் என்று அவளுக்கு விளங்கவில்லை. மண்ணைக் கொட்டாமல் தட்டோடு எடுத்து அலமாரியின் மேலடுக்கில் வைத்தாள்.

அடுத்த முறை பாண்டிராஜ் வந்தபோது நேராகவே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, இது ஜெகதீஸ்வரன் அண்ணாச்சி லாட்ஜ் சாமான். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போனது. வேலைக்கு நின்னவங்க எடுத்துட்டதா அவரு சொல்லுவாரு."

அவன் முகம் மாறியது. தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அம்மா அங்கன வேலை பாத்தது தெரியும். ஏன் நின்னான்னு எனக்குத் தெரியாது. நான் அப்பம் பால்வாடி போற பிள்ளை."

"இது தண்ணியில கெடந்திருக்கு. அதையும் அம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க."

மறுநாள் அவன் கேட்டு வந்தான். அவன் அம்மா மூக்கம்மாள் சொன்னது இதுதான்.

லாட்ஜ்காரர் வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் பச்சை எஞ்சினைக் காணவில்லை. பிள்ளைகளின் அறைக்குள் போய் வருகிறவள் அவள் ஒருத்திதான். லாட்ஜ் மேனேஜர் குத்தாலிங்கம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலகரத்துக்கே வந்து, அவள் டிரங்குப் பெட்டியைத் தெருவில் கவிழ்த்தார். சேலையும் பாவாடையும் தெருவில் கிடந்தன. எஞ்சின் இல்லை. இல்லாவிட்டாலும் வேலை போயிற்று. வேறு எந்த லாட்ஜிலும் அவளைச் சேர்க்கவில்லை. நாற்று நடவும் களை பறிக்கவும் போனாள். அடுத்த கோடையில் லாட்ஜுக்குப் பின்னால் ஓடி இலஞ்சி வயல்களுக்குப் போகும் வாய்க்காலைத் தூர் வாரினார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. மண்ணை வெட்டிச் சட்டியில் அள்ளியபோது பச்சையாக ஒரு மூலை தெரிந்தது. மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். குத்தாலிங்கம் கவிழ்த்த அதே பெட்டியின் அடியில் வைத்தாள்.

"அவருகிட்டயே குடுத்திருன்னு சொல்லுதா அம்மா இப்பம்," என்றான் பாண்டிராஜ். "நான் மாட்டேன்னுட்டேன். குடுத்தா, திருட்டுச் சாமான் திரும்பிட்டுன்னுதான பேசுவாவ?"

"மண்ணை அப்படியே வச்சிருக்கேன். அண்ணாச்சி கறுப்பு எஞ்சினை எடுக்க வருவாரு. அதைக் காட்டுதேன், பாத்ததைச் சொல்லுதேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களும் இருந்தா நல்லது."

அவன் யோசித்துவிட்டு, வருகிறேன் என்றான்.

ஜெகதீஸ்வரன் சனிக்கிழமை வந்தார். மேசையில் இருந்த பச்சை எஞ்சினைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காராமல் நேராக அதனிடம் போனார். கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

"எங்கன கெடைச்சுது?"

"எங்க அம்மா பெட்டியில," என்றான் பாண்டிராஜ். "மூக்கம்மா மவன் நான்."

"நான் சொன்னேம்லா," என்று ஜெகதீஸ்வரன் நிலோபரைப் பார்த்தார்.

பாண்டிராஜ் சத்தம் போடவில்லை. அம்மா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னான். ஜெகதீஸ்வரன் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு கதை," என்றார்.

நிலோபர் தட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"மோட்டாருக்குள்ள இருந்தது, அண்ணாச்சி. மேல பூசினா இப்படி இறுகாது. நாள்கணக்கா ஓடுற தண்ணியில கெடந்து உள்ள படிஞ்ச வண்டல். பெட்டியில இருந்த சாமானுக்குள்ள இது வர வழியில்லை. யாரு எடுத்தா, யாரு போட்டான்னு எனக்குத் தெரியாது."

அவர் நத்தை ஓட்டை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பம் எங்க வீடு லாட்ஜ் மாடியில," என்றார். "எங்க ரூம் ஜன்னலுக்குக் கீழதான் வாய்க்காலு."

அவர் போனை எடுத்து, பெங்களூரில் இருக்கும் அண்ணன் சுப்புவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"அண்ணே, அந்தப் பச்சை எஞ்சின் ஞாபகம் இருக்கா?"

"ஏன், இல்லாம?" என்றார் சுப்பு. "நாந்தான தூக்கி எறிஞ்சேன். ரெண்டையும் நீயே வச்சுக்கிட்டு எனக்குத் தரமாட்டேன்னேல்லா? ஜன்னல் வழியா ஒரே வீச்சு. ஏம்ல, கெடைச்சிட்டா?"

"கெடைச்சிட்டு."

"ஓடுதா?"

ஜெகதீஸ்வரன் போன் பக்கம் குனிந்தார்.

"அதுக்காக மூக்கம்மாக்காவை வேலையை விட்டு அனுப்பினாவ, அண்ணே."

"யாரு?" என்றது போன். பிறகு, "அப்படியா. எனக்கு அது ஞாபகம் இல்லையே," என்றது. அங்கே யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று சுப்பு வைத்துவிட்டார்.

கறுப்பு எஞ்சின் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரன் எழுந்தார். வாசலில் நின்று பாண்டிராஜிடம், "அம்மா வீட்டுல இருப்பாவளா?" என்று கேட்டார்.

இருவரும் லோடு ஆட்டோவிலேயே போனார்கள். மூக்கம்மாள் புது வீட்டு முற்றத்தில் பாத்திரங்களைக் கோணியிலிருந்து எடுத்துக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

அவர் நடந்ததை அப்படியே சொன்னார். எறிந்தது அண்ணன் சுப்பு. அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"நீங்க எடுக்கலன்னு இப்பம் தெரிஞ்சு போச்சு, அக்கா."

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே, தம்பி," என்றாள் மூக்கம்மாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாய்க்கால்ல கெடைச்சப்பமே கொண்டுவந்து குடுத்திருக்கலாம்லா?" என்றார்.

"கொண்டு வந்தா என்ன சொல்லியிருப்பீய? பயந்து போய் இப்பம் கொண்டாந்துட்டா, பாத்தியான்னு சொல்லியிருப்பீய. வாய்க்கால்லயே திரும்பிப் போட்டிருக்கலாம். போட மனசு வரல. அது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி. ஆனா யாருகிட்ட காட்ட?"

"மன்னிச்சிருங்கன்னு சொல்ல எங்க அம்மா அப்பா இல்லை. நான்தான் சொல்லணும். எஞ்சின் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அதை வச்சு நான் என்ன செய்ய? இங்கன தண்டவாளமா கெடக்கு?" என்று அவள் சிரித்தாள். பாண்டிராஜும் சிரித்துவிட்டான். "நீங்களே வச்சுக்கோங்க. ஓடினா ஓடட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். குத்தாலிங்கம் அண்ணாச்சி இன்னும் இருக்காவல்லா?"

"இருக்காரு. மவன் பழக்கடையில உக்காந்திருப்பாரு."

"அவருகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லுங்க. என் சேலையைத் தெருவுல போட்டவரு அவருதான்."

ஜெகதீஸ்வரன் அன்றைக்கே போனார். மெயின் ஃபால்ஸுக்குப் போகும் வழியில் பழக்கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் இருந்தன. சீசன் இன்னும் சூடு பிடிக்கவில்லை, கூட்டம் குறைவு. குத்தாலிங்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அழுகல் பழத்தைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரன் பக்கத்தில் நின்று சொல்லி முடித்தார். பெரியவர் பழம் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"உங்க அப்பா போகச் சொன்னாவ, போனேன்," என்றார்.

"அது சரி, அண்ணாச்சி. அந்த அக்கா எடுக்கல. அதை உங்ககிட்ட சொல்லணும்னாவ."

"சரி," என்றார் குத்தாலிங்கம். ஜெகதீஸ்வரன் லாட்ஜுக்கு நடந்தார்.

நிலோபருக்குப் பச்சை எஞ்சினில் வேலை நிறைய இருந்தது. சக்கரத்தைத் துரு நீக்கித் தேய்த்தாள். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரில் கம்பி இற்றுப் போயிருந்தது. முழுக்க அவிழ்த்து, தலைமுடியை விட மெல்லிய எனாமல் கம்பியில் திரும்பச் சுற்றினாள். இரண்டு முறை கம்பி அறுந்தது, மூன்றாவது முறை நின்றது. காந்தம் வலுவிழந்திருந்ததால் வேறு தேடி வாங்கிப் போட்டாள். பெயின்ட் அடிக்கட்டுமா என்று ஜெகதீஸ்வரனைக் கேட்டாள். உதிர்ந்தது உதிர்ந்தபடி இருக்கட்டும் என்றார். மேசையில் வளைத்துப் போட்ட சோதனைத் தண்டவாளத்தில் வைத்துக் கரண்ட் கொடுத்தபோது முதலில் முனகியது, பிறகு மெள்ள நகர்ந்தது. ஒரு பக்கம் லேசாக ஆட்டம் இருந்தது. அச்சு வளைந்திருக்கிறது, எறிந்தபோது வளைந்திருக்கும் என்று நினைத்தாள். அதை நிமிர்த்தினால் ஒடிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டாள்.

ஜூன் பாதியில் சாரல் விழத் தொடங்கியது. பச்சை எஞ்சினை பாண்டிராஜ்தான் வாங்கிப்போய் லாட்ஜில் கொடுத்தான். இப்போது காலையில் கறுப்பும் மாலையில் பச்சையும் ஓடுவதாகச் சொன்னார்கள். மூக்கம்மாள் போய்ப் பார்க்கவில்லை. மகன் இரண்டு தடவை கூப்பிட்டும், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஆடி பிறந்த சமயத்தில் பாண்டிராஜ் எரிந்துபோன ஒரு கிணற்று மோட்டாரோடு கடைக்கு வந்தான். இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"குத்தாலிங்கம் தாத்தா நேத்து வீட்டுக்கு வந்தாரு. பேரனைக் கூட்டிக்கிட்டு, பஸ்ஸுல. கையில ஒரு கூடை மங்குஸ்தான்."

"என்ன பேசினாவ?"

"ஒண்ணும் பேசல. அம்மா காப்பி போட்டுக் குடுத்தா. குடிச்சாரு. மழை வலுக்குமுன்னாடி போகணும்னு எந்திரிச்சாரு. வாசல் வரைக்கும் அம்மா கூடப் போனா."

நிலோபர் மோட்டாரின் மூடியைக் கழற்றத் தொடங்கினாள். எரிந்த வார்னிஷ் வாடை வந்தது.

"பழத்தை என்ன செஞ்சாவ?"

"பெட்டியைக் கவுத்த அந்தப் பழைய தெருவுக்கெல்லாம் குடுத்தா," என்றான் பாண்டிராஜ். "வீடு வீடா அவளே போயிக் குடுத்தா. யாரு கொண்டாந்ததுன்னு கேட்டவங்களுக்குப் பேரையும் சொன்னா."