இடது மரை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம் தொடங்குவதற்குள் என் கராஜில் இரண்டு குழாயிலும் பீர் வந்தாக வேண்டும். வராவிட்டால் இந்த சீசன் முழுக்க நாங்கள் ஆட்டம் பார்ப்பது டெல்மர் வீட்டு நிலவறையில். இதுதான் பந்தயம். போட்டவன் நான், வாய்க்கொழுப்பில் போட்டது.

டெல்மர் என் தங்கை கார்லீனின் கணவன். எத்தனையோ வருடமாக எங்கள் பச்சை மஞ்சள் ஃபுட்பால் அணியின் ஆட்டத்தை ஏழெட்டுப் பேர் சேர்ந்து என் கராஜில்தான் பார்த்து வந்தோம். சிமென்ட் தரை, எண்ணெய்க் கறை, மூலையில் ஒரு ஹீட்டர், பூட்ஸைக் கழற்றாத கால்கள். போன மாதம் என் பழைய பீர் ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. அந்த நேரம் பார்த்து கார்லீன் தன் நிலவறையைப் புதுப்பித்து முடித்திருந்தாள். சுவரை அடைக்கும் டிவி, பால் நிறக் கம்பளம், உள்ளே காடு மாதிரி செடி வளரும் மீன்தொட்டி. எல்லாரும் இனி இங்கேயே வந்துவிடுங்கள் என்றாள். நன்றி கெட்ட கூட்டம், உடனே தலையாட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் என் கராஜில் என்ன குறை என்று கேட்டேன். டெல்மர்தான் பதில் சொன்னான்.

"நீ எனக்கு ஊத்தறது பீரா மச்சான்? முகத்துல தடவி சவரம் பண்ணலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். வாராவாரம் சிரிக்கிற பழைய கேலிதான், ஆனால் அன்று எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. நாங்கள் எல்லாரும் குடிப்பது நான் காய்ச்சும் கோதுமை பீர். அதற்கு நுரை பொங்கவைக்கும் கார்பன் டை ஆக்சைடு கேஸ் நிறைய வேண்டும். டெல்மர் மட்டும் கறுப்பு பீர். அதற்குக் கொஞ்சம் போதும். பழைய ஃபிரிட்ஜில் கேஸ் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு பீப்பாய்க்கும் சேர்த்து ஒரே ரெகுலேட்டர்தான். கோதுமைக்கு ஏற்றபடி வைத்தால் அவன் கிளாஸில் முக்கால்வாசி நுரை. அவனும் அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சூட்டில்தான் டெல்மரிடம் அந்தப் பந்தயத்தைப் போட்டேன்.

அந்த வாரம் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். தெருக்கோடியில் யாரோ தூக்கிப்போட வைத்திருந்த ஃபிரிட்ஜ் ஒன்று கிடைத்தது. தட்டுகளைக் கழற்றினேன், கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக்கை வெட்டினேன், இரண்டு பீப்பாய்களும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன. அதன்பிறகு கிடைத்ததுதான் புதையல். ஏரிக்கரையில் மூடப்போகும் ஒரு மதுக்கடையில், ஒன்றோடு ஒன்று இணைத்த இரட்டை ரெகுலேட்டர். ஒரே சிலிண்டர், இரண்டு முள், இரண்டு அழுத்தம். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கல்யாண மோதிரம் வாங்கியபோதுகூட அப்படி அடிக்கவில்லை, இதை என் மனைவி ஜோலீனிடம் யாரும் சொல்லவேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் பொருத்தினேன். உள்ளே பின்பக்க மேட்டில் சிலிண்டர், அதன் தலையில் இரட்டை ரெகுலேட்டர், பீப்பாய்க்கொரு ட்யூப். வால்வைத் திறந்ததும் முட்கள் இரண்டும் துள்ளி எழுந்தன. ஒன்றைக் கோதுமைக்கு ஏற்றினேன், மற்றதைக் கறுப்புக்கு இறக்கினேன். சொன்ன பேச்சைக் கேட்டு அதது அதனதன் இடத்தில் நின்றது. நான் கத்திய கத்தலில் ஜோலீன் கரண்டியோடு ஓடிவந்தாள்.

சோப்புத் தண்ணீரை மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு குமிழிகூட இல்லை. அத்தோடு கதவைச் சாத்தியிருக்கலாம். என்னால் முடியுமா? இரண்டு ரெகுலேட்டரையும் சேர்க்கும் நட்டைப் பார்த்தேன். கை சும்மா இருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனரை வைத்து வலப்பக்கம் ஒரு சுற்று இறுக்கினேன். பிறகுதான் நிம்மதியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

காலையில் திறந்தால் இரண்டு முட்களும் படுத்துக் கிடந்தன. சிலிண்டரைத் தூக்கினேன், காலிப் பானை மாதிரி வந்தது. குழாயைத் திறந்து கொஞ்சம் குடித்துப் பார்த்தேன். ஆறிப்போன கஷாயம்.

டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த இணைப்பு நட்டின் ஆறு முனையிலும் சின்னச் சின்ன வெட்டு இருந்தது. இந்த வெட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பின்வாசலில் நிற்கும் என் பழைய பார்பிக்யூ அடுப்பின் நட்டிலும் இதே வெட்டுதான். இடது மரை. இடப்பக்கம் திருகினால் இறுகும், வலப்பக்கம் திருகினால் கழலும். இறுக்குகிறேன் என்று நானே கழற்றிவிட்டிருக்கிறேன். என்னை நானே ஸ்பேனரால் ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. நட்டை இடப்பக்கம் முறுக்கினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் உள்ளே அனுப்பக் கேஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கேஸ் கடையும் இல்லை.

ஜோலீன் காப்பியோடு வந்து பார்த்தாள். கார்லீனின் மீன்தொட்டிக்கு அடியில் இதே மாதிரி ஒரு சிலிண்டர் இருக்கிறதே, செடிக்குக் கேஸ் விடுவதற்கு, என்றாள்.

பந்தயத்தில் எதிராளியிடமே போய் ஆயுதம் கேட்பதா? செத்தாலும் மாட்டேன் என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். நான் போனை எடுத்தேன்.

டெல்மர் முழுவதையும் கேட்டான். வலப்பக்கம் இறுக்கினேன் என்றதும் வெகுநேரம் சிரித்தான். பிறகு போன் டொக்கென்று நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசலில் வந்து நின்றான். வேட்டைக்குப் போகும் கோட்டுக்குள் குழந்தையைப் போல எதையோ அணைத்திருந்தான். வெளியே பனி கொட்டுகிறது, காலில் வெறும் சாக்ஸ், அதுவும் சொட்டச் சொட்ட ஈரம். பூட்ஸ் எல்லாம் முன்வாசலில் கார்லீன் கண் எதிரே இருக்கிறது, எடுத்தால் எங்கே என்று கேட்பாள் என்றான்.

"நான் தோத்தா நீதானடா ஜெயிப்ப, எதுக்குடா கொண்டாந்த?" என்றேன்.

"அந்தக் கம்பளத்துல உக்காந்து பந்து கோல் லைன்கிட்ட வர்றப்ப கத்த முடியுமா மச்சான்? கிளாஸை வைக்கிற இடத்துலெல்லாம் தட்டு வெச்சிருக்கா. மாட்டு சீக்கிரம்."

அந்த மீன்தொட்டி சிலிண்டரை மாட்டினோம். மரை சரியாகப் பொருந்தியது. சோப்புத் தண்ணீரை அவன் தடவினான், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஸ்பேனரை ஜோலீன் பிடுங்கி வைத்துக்கொண்டாள். காத்திருக்க நேரமில்லை. கோதுமைப் பீப்பாய்க்கு அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றி, தரையில் படுக்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் காலால் உருட்டு உருட்டென்று உருட்டினோம். பீர் கேஸைக் குடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, ஹீட்டரை அணைத்துவிட்டோம். கறுப்பை மெதுவாக உருட்டினோம். கூட்டம் சாசேஜும் சீஸுமாக வந்து சேர்ந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளைப் போலக் கூவிக்கொண்டிருந்தோம்.

முதல் குழாயைத் திறந்தேன், பொன்னிறத்தில் பொங்கியது, கராஜே ஆர்ப்பரித்தது. இரண்டாவது குழாயைத் திறந்தேன். கன்னங்கரேலென்று சத்தமில்லாமல் இறங்கியது. மேலே இரண்டு விரல் நுரை, அதற்கு மேல் இல்லை.

டெல்மர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ஃபிரிட்ஜுக்குள் எட்டி இரண்டு முட்களையும் பார்த்தான்.

"இந்த ரெண்டாவது ரெகுலேட்டர் எதுக்கு?"

"வேற யாருடா இங்க கறுப்பு குடிக்கிறா?"

அவன் ஊதாமல் குடித்தான்.

ஆட்டம் தொடங்கப் போகும்போது கதவு படாரென்று திறந்தது. கார்லீன், ஒரு கையில் டெல்மரின் பூட்ஸ்.

"என் தொட்டியில குமிழியே வரல."

டெல்மர் கிளாஸை உயர்த்திக் காட்டினான். "இங்க வருது பாரு."

கார்லீன் சிலிண்டரைப் பார்த்தாள், கணவனின் ஈரச் சாக்ஸைப் பார்த்தாள், பூட்ஸை அவன் மடியில் போட்டாள். பிறகு தன் காலடியில் சிமென்ட் தரையில் உருகும் பனியைப் பார்த்தாள்.

"இங்க நானும் பூட்ஸைக் கழட்டணுமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அவளுக்கு ஒரு கிளாஸ் எடுத்தேன்.