போகக் கூடாத வீதி

சீட்டுக் குலுக்கி எடுத்ததால் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை என்றார் டாக்டர். சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனுஷர்தான், ஆனால் வேலம்பாளையத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

1967-ஆம் வருஷம். காசநோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை தின்றால் போதும் என்று ஆகியிருந்த காலம். ஆனால் ஒரு வருஷம் முழுக்கத் தின்றால்தானே? கை நிறைய மாத்திரை, உள்ளே போனால் வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் அடங்கியதும் மாத்திரையை மறந்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்கள். நர்ஸ் வாராவாரம் வீட்டுக்கே போய்ப் பேசினால் நடுவில் நிறுத்தாமல் தின்பார்களா என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. ஆமாம் என்று எண்ணிக்கையோடு நிரூபித்தால், ஜில்லா முழுவதும் நாற்பது நர்ஸுகளை வைக்கப் பணம் தருவதாக டெல்லியில் ஒரு கமிட்டி சொல்லியிருந்தது. நான் ஒருத்தியாக அலைந்து செருப்புத் தேய்ந்தவள். நாற்பது பேர் என்றதும் எனக்கும் ஆசை வந்தது.

சுற்றுவட்டார ஊர்களில் மொத்தம் பத்து வீதிகள். சீட்டில் வந்த ஐந்துக்கு நான் போக வேண்டும். மற்ற ஐந்துக்குப் போகவே கூடாது. அங்கே இருப்பவர்கள் வழக்கம்போல மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொள்வார்கள். இப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்று அவர்களிடம் மூச்சு விடக் கூடாது, விட்டால் கணக்குக் கெட்டுவிடும். வேலம்பாளையத்தில் வடக்கு வீதிக்குச் சீட்டு விழுந்தது. தெற்கு வீதிக்கு விழவில்லை.

வடக்கு வீதியில் தறிக்காரக் குடும்பங்கள், என் சொந்தச் சனம். தெற்கு வீதியில் இருந்தவர்கள் தோட்டங்காடுகளில் பண்ணையாட்களாக இருந்துவிட்டுக் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டில் எங்கள் ஆட்கள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சீட்டு இதையெல்லாம் பார்த்தா விழுந்தது? இல்லைதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

மயிலாள் தெற்கு வீதிக்காரி. பனியனில் பிசிர் வெட்டுகிற வேலை. இருபத்தாறு வயது, புருஷன் இல்லை, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. முதல் தடவை மாத்திரை வாங்க வந்தபோது, "குணமாயிருமுங்களா நர்சம்மா?" என்று கேட்டாள்.

"வருஷம் முச்சூடும் உடாமத் தின்னா சத்தியமாக் குணமாயிரும்."

"அப்பக் கல்லக் குடுத்தாலும் தின்னுருவனுங்க" என்று சிரித்தாள். தின்னவும் செய்தாள், மூன்று மாதம்.

நான்காம் மாதம், வடக்கு வீதியில் ஆயம்மாள் வீட்டில் மோர் குடித்துவிட்டு வெளியே வந்தேன். குழாயடியில் குடத்தோடு மயிலாள் நின்றாள்.

"எங்க வீதிக்கு மட்டும் வர்றதில்லீங்களே நர்சம்மா, ஏனுங்க?"

"வேலை கெடக்குது மயிலா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு பொய்யையாவது உருப்படியாகச் சொல்லத் தெரிந்ததா எனக்கு? அடுத்த வாரம் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மாதம் மாத்திரை வாங்க வரவில்லை.

டாக்டரிடம் போய் நின்றேன். "ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தர்றனுங்க சார்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஒருத்திக்காகப் போனா பத்து வீதிக் கணக்கும் போச்சு. பணம் வராது. அப்புறம் எத்தனை பேர் சாவாங்க, யோசிச்சுப் பாருங்க."

"நாம போகாததை அவங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க சார்."

"வேற மாதிரின்னா?"

சாதி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அந்தப் படித்த மனுஷர் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அது மட்டுமா? சொல்லிவிட்டால், ரோஷத்தில் நிறுத்தியவர்களும் சேர்ந்த கணக்கே தப்பு என்று ஆகிவிடுமே, நாற்பது நர்ஸும் வராதே என்று உள்ளே ஒரு கள்ள எண்ணம். "ஒண்ணுமில்லீங்க சார்" என்று திரும்பி வந்தேன்.

வருஷம் முடிந்தது. நான் போன வீதிகளில் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேர் மாத்திரையை முடித்திருந்தார்கள். போகாத வீதிகளில் நாற்பத்தொரு பேர். கமிட்டிக்காரர்கள் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இவ்வளவு வித்தியாசத்தைத் தானே எதிர்பார்க்கவில்லை என்றார் டாக்டர். பணம் ஒதுக்கியாயிற்று என்று காலை பத்து மணிக்குக் கடிதம் வந்தது. பதினொரு மணிக்கு நான் தெற்கு வீதியில் இருந்தேன்.

கயிற்றுக் கட்டிலில் மயிலாள் எலும்பாகக் கிடந்தாள். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இனி எந்த மாத்திரையும் அவளைக் காப்பாற்றாது.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "பாய எடுத்துப் போடு கண்ணு" என்று மகளிடம் சொன்னாள். நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்து முடிக்கும் வரை மயிலாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டு, டாக்டர், கமிட்டி, நாற்பது நர்ஸ் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"அப்ப, எங்கூட்டு வாசப்படி மிதிச்சாத் தீட்டுன்னு இல்லீங்களா?"

"இல்ல மயிலா. சீட்டு உழுகல, அவ்வளவுதான்."

அவள் முகம் தெளிந்தது.

"நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டனுங்க. ஊட்டுக்கு வரக் கூசறவங்க குடுக்கற மருந்து நமக்கெதுக்குன்னு, மிச்சமிருந்ததைச் சாக்கடையில கொட்டிப்போட்டனுங்க."

இருமல் வந்தது. யாரும் சொல்லாமலே குழந்தை ஓடிப்போய்ச் சட்டியை எடுத்துவந்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்தது. அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு மயிலாள் என் கையைத் தொட்டு, என்னைத் தேற்றுகிறவளைப் போலச் சொன்னாள்:

"கொழாயடியில கேட்டன்ல நர்சம்மா, அன்னைக்கே இதச் சொல்லியிருந்தீங்கன்னா நான் தின்னிருப்பனுங்க."