தியாகராஜன் குடிக்காத தண்ணீர்

தியாகராஜன் இறந்து ஏழாம் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் பதிவான ஒரு ஜாஸ் இசைத்தட்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், நான்காம் மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு இரண்டு பேர் அதைக் கேட்டார்கள். ஒருவர் அவருடைய மனைவி நாச்சாள். மற்றவர் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடைக்கு மேல்மாடியில் பழைய இசைத்தட்டு விற்கும் இல்யாஸ். கிளாரினெட் உயர ஏற, டிரம்பெட் அதைத் துரத்திக்கொண்டு போகும் இடத்தில், இரண்டுக்கும் அடியில் டப்பென்று ஒரு கால் விழுந்தது, சரக்கென்று இன்னொன்று இழுபட்டது. இடது செருப்பின் வார் தளர்ந்து இரண்டு வருடமாகியும் தைக்கக் கொடுக்காத மனிதர் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

தியாகராஜன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சனிக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு ஜாஸ் தட்டு தேடிப் போவார். நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகளை, பதிவான வருட வரிசைப்படி, கூடத்துச் சுவர் நீளத்துக்கும் அடுக்கி வைத்திருந்தார். நாச்சாளுக்கு அந்தச் சங்கீதம் ஆகாது. தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல இருக்கிறது என்பார். அவர் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பார். முப்பத்தொரு வருடம் இப்படித்தான் ஓடியது. வெளியே கிளம்புகிறவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டிலும் உண்டு. வாய் தவறிக் கேட்டுவிட்டால் அதற்குப் பரிகாரமும் உண்டு. கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு போக வேண்டும். நாச்சாள் வாரம் ஒரு முறையாவது வாய் தவறுவார். தியாகராஜனும் முகம் சுளிக்காமல் திரும்பி வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து குடிப்பார்.

கடைசிச் சனிக்கிழமை கிள்ளானில் யாரோ ஒரு பெட்டி தட்டுகளைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கொமியூட்டர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் வாசலைத் தாண்டும்போது அடுப்படியிலிருந்து நாச்சாள், "எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்ளரில் தண்ணீரோடு ஓடி வந்தார். அதற்குள் அவர் படியில் இறங்கியிருந்தார். "வந்து குடிக்கிறேன்" என்ற குரல் மட்டும் மேலே வந்தது. கிள்ளான் ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். தன் நாக்கில் சனி என்று நாச்சாள் சொன்னார். யார் தேற்றியும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

தட்டுகளைக் கண் காணாமல் அனுப்பிவிடத்தான் இல்யாஸைக் கூப்பிட்டார். கீறல் இருக்கிறதா என்று பார்க்க இல்யாஸ் அலமாரியின் முதல் தட்டைப் போட்டதில்தான் செருப்பு கேட்டது. மறுபடியும் போட்டார்கள். கிளாரினெட் இருந்தது, டிரம்பெட் இருந்தது, நடை இல்லை. அடுத்த தட்டு முப்பத்தொன்றில் பதிவானது. அதில் நடை இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் பக்கத்தில். இல்யாஸ் ஊசியை எடுத்து வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆச்சி, இது நம்ம அண்ணன் நடைதான். சந்தேகமே இல்ல லா."

"ரயில விட்டுட்டு நடந்தே வராரு போல" என்றார் நாச்சாள். தட்டுகள் விற்பனைக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு தட்டைப் போட்டால் அவர் அதைக் கடந்து அடுத்த தட்டுக்குப் போவார் என்பதும், போடாவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்பார் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. முதல் வருட நினைவு நாளுக்காக ஒரு வாரம் இசையை நிறுத்தி வைத்திருந்தபோது, மறுபடி ஊசி வைத்ததும் முதலில் கேட்டது அவர் நின்றுகொண்டே கால் மாற்றும் சத்தம். அன்றிலிருந்து நாச்சாள் நாள் தவறவிடவில்லை. சில தட்டுகளைக் கடக்க அவருக்கு வாரக்கணக்கில் ஆனது. முப்பதுகளின் ஸ்விங் தட்டுகளில் பெரிய நடன மண்டபங்கள் இருந்தன. நூறு ஜோடிக் கால்கள் ஆடும் தரையில் தியாகராஜன் யார் மேலும் இடிக்காமல் சுவர் ஓரமாக நடந்து வந்தார். நாற்பதுகளில் பீபாப் தொடங்கியதும் சிக்கல் வந்தது. அந்தச் சங்கீதம் ஓட்டமாய் ஓடியது, அவரும் அதோடு ஓட வேண்டியிருந்தது, மூச்சு வாங்கியது. ஏற்கனவே நெஞ்சுவலிக்காரர். பொறுக்கமாட்டாமல் நாச்சாள், நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட வேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் ஓடவிட்டார். சாக்ஸபோன் மாடு கத்துவதுபோல இழுத்தது, ஆனால் அவர் நிதானமாக நடந்தார். இதைக் கேள்விப்பட்ட ஜாஸ் ரசிகர்கள் இரண்டு பேர் இல்யாஸிடம் வருத்தப்பட்டுக்கொண்டார்களாம்.

ஐம்பதுகளின் கூல் ஜாஸ் வந்தபோது நடை மெதுவானது. ஒரு தட்டில் டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவில் நாற்காலி இழுபடும் சத்தமும், தியாகராஜன் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விடுவதும் கேட்டன. நாச்சாள் அந்தத் தட்டை நாற்பது நாள் மாற்றவில்லை. எதிரே உட்கார்ந்து காய் நறுக்கினார், கீரை ஆய்ந்தார். முப்பத்தொரு வருடம் தகர டப்பா என்று சொன்ன சங்கீதம் இவ்வளவு அழகாக இருந்திருக்கிறதே, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று அழுதார். மெல்பர்னிலிருந்து மகள் ரஞ்சனி தினமும் போன் செய்தாள். "அம்மா, ஒரு தடவ டாக்டரப் பாருங்கம்மா" என்றாள். தீபாவளிக்கு வந்தவள் தானும் கேட்டாள். கேட்டுவிட்டு, தளர்ந்திருந்த ஸ்பீக்கர் ஒயரைச் சரியாக முறுக்கிவிட்டுப் போனாள். டாக்டர் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அறுபதுகளில் அவர் வழி தவறினார். ஃப்ரீ ஜாஸ் என்ற பெயரில் வந்த அந்தத் தட்டுகளில் தாளம் இல்லை, சுருதி இல்லை, முன் எது பின் எது என்று இல்லை. ஒரே தட்டில் அவர் மூன்று பக்கமிருந்து வந்தார். சில சமயம் திரும்பிப் போனார். அங்கே வேறு கால்களும் இருந்தன. வெறுங்கால்கள், ஈரக் கால்கள், ஊன்றுகோல் ஒன்று, குழந்தை நடை ஒன்று. எல்லாம் வீடு தேடி வட்டமடித்துக்கொண்டிருந்தன. மத்தியான வெயிலில் கதவு ஜன்னலெல்லாம் திறந்திருக்கும் வீட்டில் நாச்சாள் விளக்கைப் போட்டுக்கொண்டு கேட்டார். கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்த காலம் அது. தியாகராஜனும் ஒரு வருடமும் எட்டு மாதமும் அதே தட்டில் சுற்றினார். பிறகு ஒரு நாள் நாச்சாள் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, கரண்டியால் விளிம்பில் தட்டினார். சாப்பாட்டுக்குக் கூப்பிட அவர் எப்போதும் செய்கிற வழக்கம்தான். இரைச்சலுக்குள் ஒரு நடை நின்றது, திரும்பியது, நேராக வந்தது. மற்றக் கால்களும் ஒரு கணம் நின்று கேட்டதுதான் நாச்சாளை ரொம்ப நாள் உறுத்தியது.

எழுபதுகளின் ஃபியூஷன் தட்டுகளை, மின்சார கித்தார் காதைப் பிளந்தாலும், அவர் இரண்டே மாதத்தில் கடந்துவிட்டார். எழுபத்தொன்பதோடு அலமாரி முடிந்தது. மேற்கொண்டு வர வழியில்லாமல் அவர் நிற்கக் கூடாதே என்று இல்யாஸ் அலையாய் அலைந்தார். எண்பதுகளின் தட்டுகளுக்கு பந்திங் ஊர் வரை போனார், தொண்ணூறுகளுக்கு மேரு வரை, அதற்குப் பிறகு இணையத்தில் தேடினார். கடைசியாகப் போன வருடம் ஒரு புதுத் தட்டு கொண்டுவந்தார். கோலாலம்பூர்ப் பையன்கள் மூன்று பேர் ஒரு கடைவீட்டு மாடியில் வாசித்துப் பதிவு செய்தது. "ஆச்சி, இதுக்கு மேல தட்டு இல்ல. இதான் நேத்து வரைக்கும்" என்றார்.

அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை. நாச்சாள் குளித்து, நல்ல புடவை கட்டி, தம்ளரில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு ஊசியை இறக்கினார். பியானோ, பாஸ், பிரஷ். அதற்குள் ரயில் கதவு மூடும் சத்தம், பிறகு தெரு, பிறகு படிக்கட்டு. ஒவ்வொரு மாடியிலும் அவர் நின்று மூச்சு வாங்கினார். தட்டு முடிந்தது. ஊசி தானே எழுந்து தன் இடத்துக்குப் போனது. நடை நிற்கவில்லை. டப், சரக் என்று அது வாசலுக்கு வந்தது, செருப்பைக் கழற்றியது, வெறுங்காலாகக் கூடத்தைக் கடந்தது. பிரம்பு நாற்காலி முனகிக்கொண்டு அமுங்கியது. ஆள் தெரிந்தாரா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். இல்லை, நாற்காலி அமுங்கியது, அவ்வளவுதான்.

நாச்சாள் தம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்தார். பத்து வருடமாக மனதுக்குள் நடந்து நடந்து பழகிய தூரம் அது. இரண்டடி இருக்கும்போது நின்றுவிட்டார். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு போக வேண்டும். பரிகாரத்தின் கடைசிப் பாதியை அத்தனை வருடத்தில் அவர் ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் நின்றிருந்த இல்யாஸ் தலை குனிந்துகொண்டார். நாச்சாள் நின்ற இடத்திலேயே தம்ளரைத் தூக்கி அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், தானே குடித்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடவா?" என்று நாற்காலியைக் கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் மாடி உஷாராணி, மத்தியானத்தில் மேலே யாரோ நடப்பதாக முதலில் ஒரு முறை புகார் சொன்னார். பிறகு பழகிவிட்டது. மாலையில் ஐம்பதுகளின் தட்டு ஓடும், சத்தம் யாரும் குறைப்பதில்லை. விருந்தாளிக்குக் காப்பி உண்டு, மைலோ உண்டு, பலகாரம் உண்டு. தண்ணீர் மட்டும் கூடத்துக்கு வராது. தெரிந்தவர்கள் கேட்பதில்லை. இல்யாஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நாலு மாடி ஏறிய தாகத்துக்குப் படிக்கட்டிலேயே குடித்துவிட்டு, பாட்டிலை வாசலுக்கு வெளியே, வார் தளர்ந்த செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போவார்.