சாமி படத்து பல்பு

மல்லப்பனின் பிக்-அப் வண்டியில் பிரேக்கை மிதித்தால், கண்ணெதிரே மாதேஸ்வரன் படத்தின் மேலிருக்கும் குட்டி பல்பு எரியும். பிரேக் ஸ்விட்சிலிருந்தே அதற்கு ஒயர் இழுத்திருந்தான். ஹனூர் பக்கத்து வண்டிக்காரர்கள் பலருக்கும் இதுதான் பழக்கம். சாமி முகத்தில் வெளிச்சம் விழுந்தால் பின்னாலும் விளக்கு எரிகிறது என்று அர்த்தம். இறங்கிப் போய்ப் பார்ப்பது சாமியையே சந்தேகப்படுவது மாதிரி.

பின்னால் எரிந்ததோ கம்பெனி கொடுத்த சிவப்பு அல்ல. மைசூர் மண்டி மொஹல்லா கடையொன்றில் வாங்கிய, நீலமும் சிவப்புமாகக் கண்ணடிக்கும் பட்டை விளக்கு. தக்காளி ஏற்றுகிற வண்டிக்கு எதற்கப்பா கல்யாண மண்டப ஜோடனை என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போன இடத்தில் கோபப்பட முடியவில்லை. பிரேக் விளக்கு சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், மினுக்கக் கூடாது என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பழைய விளக்கை மாட்டிக்கொண்டு போய் எஃப்.சி. வாங்கினான். மைசூரில் வீட்டு வாசலுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் பட்டை விளக்கையே மாட்டினான். ஊரே செய்கிற வேலைதான்.

மைத்துனன் கிரண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி சரசுவின் தம்பி. அக்கா வீட்டில் தங்கி போலீஸ் வேலைக்குத் தயாராகிறவன். எழுத்துத் தேர்வு தேறிவிட்டான், ஓட்டம் மட்டும் பாக்கி. விடியலில் அவன் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பும் சத்தத்தில்தான் அந்த வீடே எழுந்திருக்கும்.

"பின்னால வந்து ஒருக்கா பாத்துருங்க மாமா," என்றான்.

போலீஸ் ஆன பிறகு வந்து எனக்கு ஃபைன் போடு என்று மல்லப்பன் சிரித்தான். ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். மாதேஸ்வரன் பளிச்சென்றார். அதோடு விட்டுவிட்டான். பின்னால் அவசரத்தில் முறுக்கிய ஒயருக்கு ஒரு சுற்று டேப்கூடப் போடவில்லை.

அந்த வாரமே ஹனூரிலிருந்து தக்காளி லோடோடு வந்தான். ஊருக்குப் போயிருந்த கிரணும் வழித்துணையாகப் பைக்கில் பின்னாலேயே வந்தான். சாயங்காலத் தூறல். நரசீபுரம் தாண்டியதும் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே பாய, மல்லப்பன் பிரேக்கை அழுத்தினான். சாமி முகம் பளிச்சென்றது. பின்னால் ஒன்றும் எரியவில்லை. டமாரென்று ஏதோ வந்து மோதியது. இறங்கி ஓடியபோதுதான் பார்த்தான், முறுக்கிய ஒயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே கிரண் கிடந்தான்.

முழங்கால் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கலாம் என்றார் டாக்டர். ஓடலாம் என்று சொல்லவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், தான்தான் வேகமாக வந்ததாகவும் முன்வண்டி விளக்கு நன்றாக எரிந்ததாகவும் கிரண் சொன்னான். தான் போட ஆசைப்பட்ட அதே காக்கியைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொன்னான். கால்மாட்டில் நின்ற மல்லப்பனுக்கு, இவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாமே என்று இருந்தது.

"எரியலைன்னே சொல்லியிருக்கலாமில்ல மாப்ள," என்றான், அவர் போன பிறகு.

"அக்காளுக்குத் தெரிஞ்சா தாங்காதுங்க மாமா. விடுங்க."

சரசு இன்றுவரை தம்பியைத்தான் திட்டுகிறாள். கைக்கு எட்டின வேலையைக் கெடுத்துக்கொள்ள அப்படி என்னடா வேகம் என்று, சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள். மல்லப்பன் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பான். சோறுதான் உள்ளே போகும்.

இப்போது வண்டியின் பின்னால் கம்பெனிச் சிவப்புதான். சாமி பல்பின் ஒயரை அறுத்துவிட்டான். விடியலில், முன்பு ஓடப் போன அதே நேரத்தில், கிரண் வாசலில் வண்டிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். மல்லப்பன் வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்துவிட்டுப் பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்ப்பான்.

"எரியுதுங்க மாமா. போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் மல்லப்பனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடிவதில்லை.