தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் பிள்ளையைக் குப்பை மேட்டில் போட்டது நான்தான். பிறந்த பதினோராம் நாள், ஒரு பழைய முறத்தில் கிழிந்த துணியை விரித்து, அதில் அவனைக் கிடத்தி, பின்வாசலுக்கு வெளியே சாணமும் வாழை மட்டையும் எச்சில் இலையும் மக்கிக் கிடந்த மேட்டில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மாமியார் உத்தரவு. பார்க்காவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே. அன்றைக்கு முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டன. மூன்றாவதையாவது எமன் கண்ணில் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று வலையபட்டியில் எங்கள் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே முடிவு செய்தார்கள். இது நம் பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது, எவளோ எடுத்தது என்று ஆக்கிவிட வேண்டுமாம். எமனுக்கே அருவருப்பு வரவேண்டுமாம். எமனுக்கு வந்ததோ இல்லையோ, எனக்கு வந்தது.

எங்கள் வீட்டில் நெல் குத்திப் புடைக்க வருகிற ராக்காயிதான் குப்பை மேட்டிலிருந்து அவனை எடுத்தாள். எனக்கு ஒரு படித் தவிடு கொடுத்து அவனை விலைக்கு வாங்கினாள். அந்தத் தவிடும் எங்கள் வீட்டுத் தவிடுதான். என் மாமியார் கண்ணம்மை ஆச்சி காலையிலேயே அவளிடம் அளந்து கொடுத்து வைத்திருந்தார். வாங்கின கையோடு அவள், "எம்புள்ளைய நீங்க வளத்துக் குடுங்க ஆச்சி" என்று சொல்லி என்னிடமே நீட்டினாள். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தாத்தா பெயரான அழகுசுந்தரம் என்பதை வாயால் சொல்லக் கூடாது. குப்பான் என்றே கூப்பிட வேண்டும். மூன்றாவது பிறந்தநாள் வரும்வரை நல்ல சட்டை கிடையாது, நகை கிடையாது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது. இதெல்லாம்கூடப் போகட்டும். அவன் ராக்காயியை ஆத்தா என்று கூப்பிட வேண்டும், என்னை, வேலைக்கு வருகிறவர்கள் கூப்பிடுவதுபோல, ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்றாவது பிறந்தநாளில், அவனுடைய நட்சத்திரத்தன்று, அதே ஒரு படித் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து அவனை வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு நான் ஆத்தா. அந்த நாளுக்காகத்தான் நான் மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரங்கூனில் இருந்தார். 'குப்பான் சௌக்கியமா?' என்று மாதம் ஒரு கடிதம் வரும். அவர் அவனைப் பார்த்ததே இல்லை. அவருக்கென்ன, காகிதத்தில் நாற்றம் ஏறாது.

குளிக்காத பிள்ளையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறீர்களா? மூக்கு ஒழுகி உதட்டில் காயும். தலையில் சிடுக்கு விழுந்து, அதற்குள் பேன். கழுத்து மடிப்பில் அழுக்கு திரிதிரியாக நிற்கும். நான் யாரும் பார்க்காத நேரத்தில் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். மாமியார் கண்ணில் பட்டால் தொலைந்தேன். "சுத்தமா வச்சுத்தானே முந்தின ரெண்டையும் தொலச்ச?" என்பார். அப்படிச் சொல்கிற வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். திருஷ்டி படக்கூடாதென்று ஒரு நாளைக்கு மூன்று தரம் பிள்ளை முகத்தில் 'தூ தூ' என்று துப்புவார். சிவப்புச் சிவப்பாகத் தெறிக்கும். அதைத் துடைக்கவும் கூடாது. எனக்கு அந்த வீட்டையே பிடிக்காமல் போயிற்று.

பிள்ளைக்கு ஒன்றும் குறைவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பின்கட்டில் கோழியைத் துரத்திக்கொண்டு, கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொண்டு வளர்ந்தான். ராக்காயிக்கும் ஒரு மகன் இருந்தான், செம்மலை என்று பெயர், இவனைவிட ஒரு வயது மூத்தவன். அவள் புடைக்க வரும்போது கூடவே வருவான். புளியங்கொட்டையோ பொரிகடலையோ எதையாவது தான் பாதி மென்றுவிட்டு மீதியை எடுத்து இவன் வாயில் திணிப்பான். இவன் "அண்ணே, அண்ணே" என்று வாயைத் திறந்துகொண்டு அவன் பின்னாலேயே போவான். நான் ஓடிப்போய் விரலை விட்டுத் தோண்டி எடுப்பேன். ராக்காயி முறத்தை நிறுத்தாமல் சிரிப்பாள்.

"விடுங்க ஆச்சி. ரெண்டும் எம்புள்ளைகதானே?"

விளையாட்டாகத்தான் சொல்வாள். அவள் வாய் சுத்தம், மனசும் சுத்தம். ஆனாலும் அவள் அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும்.

பிறந்தநாள் வந்தால் அவள் வீட்டுக் கம்பங்கூழைக் கலயத்தில் கொண்டுவந்து அவள் கையாலேயே அவனுக்கு ஊட்ட வேண்டும். அது சாங்கியம். அவள் அந்தப்பக்கம் போனதும் மாமியார் அவனைக் குப்புறப் பிடித்து, வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றிக் குடித்த கூழையெல்லாம் வெளியே வரவழைப்பார். "அவ கையால திங்கணும்னுதான் சாங்கியம். வயித்துல நிக்கணும்னு ஒண்ணுமில்ல" என்பார். பிள்ளை கண் பிதுங்க வாந்தி எடுப்பான். அவள் பிள்ளை என்று சொல்லி இவன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் கூழ் மட்டும் ஆகாது. இப்படியும் மனுஷ ஜென்மம் உண்டா என்று எனக்குத் தோன்றும். முதல் வருஷமும் இரண்டாம் வருஷமும் நான் அந்த வாந்தியை அள்ளிக் கொட்டினேன்.

மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆடியில், ஊருக்குள் வாந்திபேதி வந்தது. பெரிய வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். நான்கு நாள் ராக்காயி வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் அவள் புருஷன் பெத்தன் பின்வாசலில் வந்து நின்று, செம்மலை போய்விட்டான் என்று சொன்னான். காலையில் ஆரம்பித்து விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டதாம்.

நான் உள்ளே ஓடி என் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

மாமியார் அழவில்லை. அன்று மத்தியானம் இலையில் உட்கார்ந்து, மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"பாத்தியாத்தா தேனம்மை? தேடி வந்துருக்கு. இவன் அவ புள்ளையின்னுதானே நம்ம சொல்லி வச்சிருக்கோம். நேரா அவ வீட்டுக்குப் போயி, அங்க இருந்ததத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. சாங்கியமா சும்மாவா?"

சொல்லிவிட்டு விரலை நக்கினார். ஒரு விரல் விடாமல் நக்கினார். நெஞ்சு கூசவில்லையா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பொம்பளையோடு ஒரே கூரைக்குக் கீழே எத்தனை காலம் இருப்பது என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் சாப்பிட்ட இலையை எடுக்கப் போனபோது எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை.

ஆவணியில் நட்சத்திரம் வந்தது. ஒரு மாதமாகவே பிள்ளைக்கு மாமியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கருப்பட்டித் துண்டைக் காட்டி, "அந்தா நிக்கிறா பாரு, அவதேன் ஒன் ஆத்தா. கூப்புடு" என்பார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து, "ஆச்சி" என்பான். கருப்பட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். வாங்கின பிறகு கூப்பிடுவான் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

காலையில் ராக்காயி வந்தாள். எண்ணெய் காணாத தலை, ஒட்டின வயிறு. முன்பெல்லாம் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள் அல்லவா, இப்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாதவளாக நின்றாள்.

"அங்குட்டே நில்லு. உள்ள வராத. சாவு வீடு" என்றார் மாமியார். மஞ்சள் தண்ணீரை அள்ளி அவள் மேல் தெளித்தார். அவள் முகத்திலேயே பட்டது.

"சரிங்க ஆச்சி" என்று அவள் குப்பை மேட்டின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிள்ளை அவளைப் பார்த்துவிட்டான். "ஆத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடி அவள் மடியில் விழுந்தான். பிறகு எழுந்து அவள் முதுகுப் பக்கம் போய்த் தேடினான்.

"அண்ணே எங்க?"

"அண்ணே ஊருக்குப் போயிருக்கான் சாமி" என்றாள் ராக்காயி.

நான் ஒரு படித் தவிட்டையும் ஒரு புதுச் சீலையையும் அவள் முன்னால் வைத்து, "எம்புள்ளைய எனக்குக் குடு" என்றேன். அவள் மூன்று தரம் பதில் சொல்ல வேண்டும்.

"இது எம்புள்ள இல்ல. ஒங்க புள்ள" என்றாள். இரண்டாவது தரமும் சொன்னாள். மூன்றாவதற்கு அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"ம், சொல்லு சொல்லு. நேரம் போகுதுல்ல?" என்று மாமியார் அதட்டினார்.

ராக்காயி அவன் கையை விலக்கினாள். "நீ எம்புள்ள இல்லடா. எனக்குப் புள்ளையே இல்ல. போ" என்றாள். சொல்லி, முதுகில் கைவைத்து அவனை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

கல்நெஞ்சுக்காரி என்று மாமியாரை நான் மனசுக்குள் வைதேன். அப்போதும் வைதேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இனி எண்ணெய்க் குளியல். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு மூட்டி அண்டா வைத்திருந்தது. அதற்கு முன்னால் அவன் போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தீயில் போட்டுவிட வேண்டும், விற்ற வீட்டு வாடையே பிள்ளை மேல் இருக்கக் கூடாது. அது ராக்காயி வீட்டுச் சட்டைதான். செம்மலைக்குச் சிறுத்துப் போனதைத்தான் இவனுக்குப் போட்டுவிடுவோம். கட்டம் போட்ட துணியாக இருந்திருக்கும், இப்போது நிறமே இல்லை. மூத்திர நாற்றமும் சளி நாற்றமும் அதில் ஊறிக் கிடந்தன. நான் இரண்டு விரலால் பிடித்து அதைத் தலைவழியாக உருவினேன்.

ராக்காயி இன்னும் போகவில்லை. கதவு நிலைக்கு வெளியே வந்து நின்றிருந்தாள்.

"ஆச்சி, அந்தச் சட்டைய மட்டும் எனக்குக் குடுத்துருங்க ஆச்சி."

"என்னாத்துக்கு?" என்றேன்.

"அவன் போட்டது ஆச்சி. பேதியில போனவன்னு பாயி, துணிமணி எல்லாத்தையும் போட்டுக் கொளுத்திட்டாக. வீட்டுல அவன் வாடைக்குன்னு ஒண்ணுகூட இல்ல."

நான் மாமியாரைப் பார்த்தேன். இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"குடுத்துருத்தா" என்றார். "கொண்டுக்கிட்டுப் போகட்டும், பாவம். பெத்தவ. சாங்கியம் கெடக்குது."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. சட்டை என் கையில் இருந்தது. அதில் அவள் பிள்ளையின் வேர்வை இருந்தது, என் பிள்ளையின் வேர்வையும் இருந்தது. அவள் இதை வீட்டில் வைத்து மோந்துகொண்டு அழுவாள். எந்தப் பிள்ளையை நினைத்து அழுவாள்? அவள் வீட்டைத் தேடி வந்த எமன் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இங்கே வந்தால்? எனக்கு இரண்டு போய்விட்டது. இவன் ஒருவன்தான். இவ்வளவையும் நின்று நிதானமாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். கையை நீட்டிச் சட்டையை அடுப்புக்குள் போட்டேன்.

ஈரத் துணி, உடனே பற்றவில்லை. முதலில் புகைந்தது. நான் விறகுக் கட்டையை எடுத்து அதை உள்ளே தள்ளினேன்.

ராக்காயி சாபம் கொடுத்திருந்தாலாவது பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் குனிந்து தவிட்டையும் சீலையையும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தாள். "ஆத்தா, ஆத்தா" என்று பிள்ளை அவளைப் பார்த்துக் கூப்பிட்டான். அவள் வேலி திரும்பி மறைகிற வரைக்கும் கூப்பிட்டான்.

"நான்தேன் குடுன்னு சொன்னேன்ல? எதுக்குத்தா அப்படிச் செஞ்ச?" என்றார் மாமியார். அவர் குரலில் கோபம் இல்லை. என்னைத் தொடாமல் விலகிப் போகிறவரைப் போல ஓரமாக நடந்து உள்ளே போனார்.

பிள்ளை அம்மணமாக, பயந்துபோய் நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான், வேறு யாரும் இல்லை. என் முந்தானையைப் பிடித்து, முகத்தை என் முழங்காலில் புதைத்துக்கொண்டு, "ஆத்தா" என்றான்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவனை உதறிவிட்டு வேலி ஓரம் ஓடி வாந்தி எடுத்தேன். சத்தம் கேட்டு மாமியார் உள்ளேயிருந்து என்னவென்று கேட்டார். அடுப்புப் புகை அயித்தே என்று சொன்னேன்.