நூல் வெட்டுற மேசை

பின்கழுத்தில் கிளம்பிய வலி தோளில் இறங்கி, முதுகோரமாகவே வந்து இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. பாயிலிருந்து எழுந்திருக்கப் பூங்காவனம் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. குடியாத்தத்தில் விசைத்தறிக் கொட்டகையில் இருபது வருஷம் நின்றே லுங்கி ஓட்டிய உடம்பு அது. தறிக்கும் தறிக்கும் நடுவே நடந்து நடந்து கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதே தவிர, கழுத்து வலி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு வயதில் அந்த உடம்பை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, நாள் முழுக்கக் குனிந்து ஷூவுக்குத் தோல் தைக்கச் சொன்னால் அது வேறென்ன செய்யும்?

"யம்மா, இது இன்னாது?"

மகள் ஹரிணி சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சோத்து டப்பாவுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்துவிட்டாள். உள்ளே ஒரு மஞ்சள் கயிறு. ஒரு குங்கும டப்பி.

பூங்காவனம் பாய்ந்து பிடுங்கினாள். "மெதுவா பேசு. உங்க பெரியம்மா காதுல வுழப்போவுது."

"அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆவுதும்மா."

"எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் இது எதுக்கு?"

"நீ நர்சிங் படிக்கத்தான். போய் மூஞ்சி கழுவு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி பாரதியின் வீட்டில் பாத்திரம் உருண்டது. பாரதியின் புருஷன் லுங்கி மூட்டையோடு சந்தைக்குக் கிளம்பும் நேரம் இது. அவர் தெருமுனை தாண்டும்வரை பூங்காவனம் வாசலில் தலைகாட்டக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் புருஷன் தணிகைவேல் போன முதல் வாரத்தில் ஒருநாள் அவள் எதிரே வந்தபோது, அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அது போதுமாக இருந்தது.

கொட்டகையிலும் அப்படித்தான். தறியில் ஏற்றப் புதுப் பாவு நூல் வந்தால் பழைய இழையோடு ஒவ்வொரு இழையாகப் பிணைக்கிற வேலையில் அவளை அடிக்க ஆளில்லை. புருஷன் செத்த பிறகு ஓனர், "நீ பாவு மட்டும் தொடாதம்மா, தப்பா நெனச்சிக்காத" என்றார். ஒரு வருஷத்தில் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். தறி போனதற்கு அவள் கை காரணமில்லை. அவள் கையைத்தான் தொடவிடவில்லையே. ஆனாலும் தெரு அவளைத்தான் பார்த்தது.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் அவள் கிளம்பினாள். கவுண்டன்யா ஆத்துப் பாலத்துக்கு முன்னால் மூடிக் கிடக்கும் டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினாள். கயிறைக் கழுத்தில் போட்டாள். பொட்டு வைத்தாள். கம்பெனி பஸ் வந்தபோது அவள் தணிகைவேலின் பெண்டாட்டியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி அது. முதல் நாள் தையல் லைன் சூப்பர்வைசர் பிரேம்குமார் அவளைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைச் சுற்றிக் காட்டினான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வரிசையாக மெஷின்கள். கடைசியில், ஜன்னல் இல்லாத மூலையில், ஒரு நீளமான மேசை. தைத்து முடித்த தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, முனையைப் பொசுக்குகிற மேசை. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்திலும் ஒன்றும் இல்லை. வேலை இருக்கிற நாளைக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் யாருக்கான மேசை அது என்று பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உன் வீட்டுக்காரர் இன்னா பண்றாருக்கா?" என்று கேட்டான் பிரேம்குமார்.

"தறி ஓட்டறாரு சார்."

வாய் சொல்லிவிட்டது. அன்றைக்குக் கழுத்தை மூடிப் புடவையைப் போர்த்தியிருந்தாள். மறுநாளிலிருந்து கயிறு வந்தது.

மூன்றாம் மெஷின் ஹஃப்ஸாவுடையது. பூங்காவனத்துக்கு நாலாவது. ஹஃப்ஸா வாணியம்பாடிக்காரி, தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி, வாய் ஓயாது. முதல் வாரம் பூங்காவனம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிவதைப் பார்த்து, தன் ஸ்டூலில் போட்டிருந்த சின்ன மெத்தையை உருவி அவளிடம் நீட்டினாள். துண்டுத்துணி அடைத்துத் தானே தைத்தது.

"உட்காருக்கா. உனக்கு இடுப்பு, எனக்கு நாக்கு. ரெண்டும் ஓயாது."

அந்த லைனில் ஒரு வழக்கம். புது மாடல் வந்தால் மெஷினுக்குக் கற்பூரம் காட்டி, முதல் ஜோடியைச் சுமங்கலி ஒருத்தி தைக்க வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு கன்டெய்னர் திரும்பி வந்ததாம். அதிலிருந்து இது. மேலே இருக்கிற ஆபீஸுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் தெரியாது.

பூங்காவனம் சேர்ந்த மாசமே ஒரு புது மாடல் வந்தது. பிரேம்குமார் சுற்றிலும் பார்த்துவிட்டு, "புது மாடலுக்குப் புதுக் கை. பூங்காவனம் அக்கா, நீ வா" என்றான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனாள். கற்பூர வெளிச்சத்தில் ஊசி இரண்டாகத் தெரிந்தது. தைத்து முடித்து எழுந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த ஆர்டரின் முதல் லோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு ரிஜெக்ட் இல்லை. பூங்காவனம் கைராசிக்காரி ஆகிவிட்டாள். அந்த வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்த ரோஷினி தன் புது ஸ்கூட்டி சாவியைக் கொண்டுவந்து, "தொட்டுக் குடுங்கக்கா" என்றாள். சிரித்துக்கொண்டே தொட்டுக் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்ப் பூங்காவனம் வாந்தி எடுத்தாள்.

வெளியே வந்தால் குழாயடியில் ஹஃப்ஸா.

"அக்கா, அந்தக் கயிறு ரொம்பப் புதுசா கீது. வேர்வையில ஊறுன கயிறு இப்படியா பளபளன்னு இருக்கும்? நல்லா மஞ்சள் தேய்ச்சு ஊறப்போடு."

பூங்காவனம் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா இப்படி நடுங்கற? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? எங்க ஊட்டுக்காரரும் ஹைவேல லாரி இடிச்சு மௌத்தாயிட்டாரு. நான் சேரும்போதே உண்மையைச் சொல்லிட்டேன். அதான் இங்க பூஜைன்னா எனக்கு பாத்ரூம் டைமு."

"உங்க ஆளுங்கள்ல இதெல்லாம் கிடையாதே?"

"எங்க ஆளுங்கள்ல இல்ல. லைன்ல கீதே." ஹஃப்ஸா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஸ்பீடு ஜாஸ்தி. அதுக்காக மெஷின்ல வச்சிருக்காங்க. நீ இன்னும் கத்துக்கணும். அதுவரைக்கும் பொட்டை அழிச்சிடாத."

கற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. தைக்கிற நூல் நைலான். அறுந்தால் மேலிருந்து ஒவ்வொரு கண்ணாகக் கோர்த்து இறக்கி, பழைய தையல் மேலேயே கொஞ்சம் தைத்துக்கொண்டு போக வேண்டும். முடிச்சு போடவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பூங்காவனத்துக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். கோர்ப்பதற்குள் பக்கத்தில் பண்டல் ஏறிவிடும். பிரேம்குமார் பின்னால் வந்து நிற்பான். அவன் நின்றாலே கை தறிக்காலத்துக்குப் போய்விடும். அறுந்த இரண்டு முனையையும் விரல்நுனியில் ஒரு சுழற்று, நெசவு முடிச்சு. கடுகில் பாதி. ஊசிக் கண்ணில் நுழைந்து தோலுக்குள் போய்விடும். இருபது வருஷம் அவள் போட்ட முடிச்சு ஒன்றுகூட விட்டதில்லை.

அது பருத்தி நூலில். நைலான் வழுக்கும் என்பது அவள் விரலுக்குத் தெரியாது.

பூங்காவனத்திடம் வேலை தேங்கும் நாட்களில், அவள் பாதி தைத்து வைத்த தோல்களை ஹஃப்ஸா இழுத்து, மீதியைத் தானே தைத்து, தன் மெஷினின் மூன்றாம் நம்பர் சீட்டையே போட்டு அனுப்பிவிடுவாள். "எல்லாம் ஒண்ணுதான், போ" என்பாள்.

அந்த மாடலின் இரண்டாவது லோடு ஓடும்போது ஒருநாள் பிரேம்குமார் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தான். கால் வடிவ அச்சுக்கட்டையில் ஏற்றி இழுத்தபோது தையல் வாய் பிளந்துவிட்ட தோல்கள்.

"முடிச்சு! முடிச்சு போட்டுத் தைச்சிருக்கு. மூணாம் நம்பர். ஹஃப்ஸா, இன்னா இது?"

"நான் முடிச்சு போடறவளா சார்? இத்தினி வருஷத்துல..."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "முதல் ஜோடி அன்னிக்கு இவ பாத்ரூம்லேர்ந்து நேரா எதிர்க்க வந்தா. நான் அப்பவே நெனச்சேன்."

"கைராசிக்காரி பக்கத்துலயே தாலி அறுத்தவள உட்கார வச்சா எப்படிங்கறேன்?" என்றது இன்னொன்று.

ஹஃப்ஸா ஒரு தோலை எடுத்து, கண்ணாடியை இறக்கி, முடிச்சைப் பார்த்தாள். பிறகு நாலாம் மெஷினைப் பார்த்தாள். பார்த்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அந்த வார்த்தையை எதிர்பார்த்துப் பூங்காவனம் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிறு கழுத்தை அறுத்தது. 'நான்தான்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாலாம் மெஷின் போய்விடும், ஹரிணி படிப்பு போய்விடும், மூலையில் ஜன்னல் இல்லாத மேசை.

பிரேம்குமார் மூலை மேசையைக் காட்டினான். ஹஃப்ஸா தோலை வைத்துவிட்டு, கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனாள். மெத்தை பூங்காவனத்திடமே இருந்தது. மூன்றாம் மெஷினில் ரோஷினியை உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பூங்காவனம் ஒரு முடிச்சும் போடவில்லை. கண்ணில் நீர் வழிய வழியக் கோர்த்தாள். மூலையிலிருந்து ஹஃப்ஸாவின் பேச்சுச் சத்தமே வரவில்லை. சில நாள் அந்த இடத்தில் ஆளும் இல்லை, கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த மாடல் வந்தது. நாளைக்குப் பூஜை என்றார்கள். சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடியபோது பூங்காவனம் பிரேம்குமார் பின்னால் போனாள்.

"சார், எனக்கு ஊட்டுக்காரர் இல்ல. செத்துட்டாரு. அந்த முடிச்சும் என்னுதுதான். ஹஃப்ஸா பண்ணல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. மேல அவ பேர எழுதிக் குடுத்தாச்சு, இப்பப் போய் மாத்துனா எனக்குப் பேஜாரு. இன்னா இப்போ, நீ தைச்சு முதல் லோடு நல்லாத்தானே போச்சு?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு நல்லாப் பெரிய பொட்டா வச்சிக்கினு வா. முதல் ஜோடி நீதான்."

அவள் அன்றிரவு தூங்கவில்லை. அவனுக்கு அந்த ராசியில் நம்பிக்கை இல்லை. அவனுக்கே இல்லாத ஒன்றுக்காக ஒருத்தியை மூலையில் வைத்திருக்கிறான்.

மறுநாள் டீக்கடைக்குப் பின்னால் அவள் ஒதுங்கவில்லை. ஸ்டாப்பில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிய ரோஷினி திரும்பிப் பார்த்து, "அக்கா, பொட்டு வைக்க மறந்துட்டீங்க" என்று தன் ஒட்டுப்பொட்டு அட்டையை நீட்டினாள்.

"மறக்கல."

லைனில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பிரேம்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது. பூங்காவனம் நைலான் நூலில் இரண்டு துண்டு அறுத்தாள். எல்லோரும் பார்க்க முடிச்சிட்டு ரோஷினியிடம் கொடுத்தாள்.

"இழு."

ரோஷினி இழுத்தாள். முடிச்சு நழுவிப் பிரிந்தது.

"தறியில நாங்க போடற முடிச்சு. இங்க இருக்கறவங்க யாருக்கும் வராது. ஹஃப்ஸாவுக்கும் வராது. நான்தான் போட்டேன்." பிரிந்த நூலைத் தூக்கிக் காட்டினாள். "எங்க ஊட்டுக்காரர் பேரு தணிகைவேல். போய் ரெண்டு வருஷம் ஆவுது. போன மாடலுக்கு முதல் ஜோடி தைச்சது அறுத்தவ கைதான். நீங்க கைராசின்னு சொன்னீங்களே, அந்தக் கை."

ரோஷினி இடுப்பிலிருந்து ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். துப்பட்டா முனையில் அழுத்தித் துடைத்தாள்.

"நீயும் மேசைக்குப் போக்கா" என்றான் பிரேம்குமார், யாரையும் பார்க்காமல். கற்பூரத்தை அணைத்துவிட்டு வேறு ஏற்றச் சொன்னான்.

மூலையில் ஹஃப்ஸா தலை நிமிரவில்லை. பூங்காவனம் எதிரே உட்கார்ந்தாள். ஸ்டூலிலிருந்து எடுத்து வந்திருந்த மெத்தையை மேசைக்கு அடியில் தள்ளினாள். ஹஃப்ஸா அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"பயந்துட்டேன்."

"நானுந்தான் பயந்தேன். ஆனா உன் பேரச் சொல்லல" என்றாள் ஹஃப்ஸா.

கொஞ்ச நேரத்தில் ரோஷினி தைத்த முதல் ஜோடி தட்டில் வந்தது. மேலே குங்குமத் தீற்று. ஓரமெல்லாம் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை ஹஃப்ஸா எடுத்தாள், ஒன்றைப் பூங்காவனம் எடுத்தாள். வெட்டி, பொசுக்கி, வைத்தார்கள். இந்தக் கம்பெனியிலிருந்து கப்பல் ஏறுகிற ஒவ்வொரு ஷூவின் தோலும் தையல் லைனைவிட்டுப் போகும்போது கடைசியாகப் படுவது இந்த மேசைக் கைதான். அதற்கு எவனும் திரும்பித் தண்ணீர் குடிப்பதில்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் பஸ்ஸோடு குடியாத்தம் போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் பாரதி காத்திருப்பாள். நாளைக்குக் கம்பெனியில் கூப்பிடுவார்களா என்பதும் தெரியாது. பூங்காவனம் அடுத்த தோலை எடுத்தாள். கத்தரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே ரோஷினி மூன்றாம் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். மெத்தையைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஹஃப்ஸாவுக்கு அவள் தர வேண்டியது அந்த மெஷின். அது அப்படியே பாக்கி இருக்கிறது.